பதினொரு குறுக்குக் கோடுகள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் தொலைபேசியில் கேட்டார்கள், நல்ல ஸ்ட்ரீமர் எது என்று. மூன்று பேரிடமும் நான் திருப்பிக் கேட்டேன், வீட்டில் எப்படிப் பாட்டுக் கேட்பீர்கள் என்று. ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு பெயர். ஒருவர் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பெட்டி ஒன்றின் பெயரைச் சொன்னார். அந்த நட்சத்திரத்தைப் போட்டவன் உம்முடைய கதிரையில் வந்து இருந்து கேட்டவனா என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார். வைக்கட்டும்.

நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த கடை, வாடிக்கையாளர்கள் இருந்து கேட்டுப் பார்க்கும் அறையைப் போன வருடம் மூடிவிட்டது. இப்போது அந்த அறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். ஆட்கள் கேட்காமலே வாங்குகிறார்கள், கேட்காமலே திருப்பி அனுப்புகிறார்கள். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது. ஆனால் இந்தச் சிறப்பு மலருக்கு எழுதித் தரச் சொன்னவர்கள், கோபத்தை மட்டும் எழுதவேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டார்கள். ஆகவே நன்றி சொல்லவேண்டிய ஒரு விடயத்தை எழுதுகிறேன். அது 2009இல் நடந்தது. நான் பிழை விட்ட கதை அது. நன்றி இரண்டு பேருக்கு. ஒருவர் என்னுடைய முதலாளி ஹாரிஸ். மற்றவர் மனோர் பார்க்கில் இருந்த நடேசன் அண்ணை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்து ஒரு தொலைக்காட்சித் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைத்தேன். பிறகு லண்டன். பகலில் பெற்றோல் நிலையம், மாலையில் கல்லூரி. இரண்டு வருடம் கழித்து மேரிலபோன் பக்கம் உள்ள அந்தக் கடையின் பட்டறையில் இடம் கிடைத்தது. விலை கூடிய ஒலிக்கருவிகள் விற்கும் கடை. பணக்காரர் வருவார்கள். பணக்காரர் அல்லாத பைத்தியங்களும் வருவார்கள். எனக்கு இரண்டாவது வகையைத்தான் பிடிக்கும். முதல் பத்து வருடம் நான் பட்டறையை விட்டு மேலே வரவில்லை. வாடிக்கையாளர்களுடன் கதைக்க விட்டால் சண்டை பிடிப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு ஆட்களைக் குறைத்தபோது வேறு வழி இல்லாமல் என்னைக் கேட்கும் அறையிலும் நிறுத்தினார்கள்.

அந்த அறையில் ஹாரிஸ் வைத்திருந்த ஒழுங்குகளை அப்படியே சொல்கிறேன். இன்றைக்கு ஒருவரும் செய்வதில்லை.

இரண்டு கருவிகளை ஒப்பிடுவதென்றால் முதலில் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தவேண்டும். வாடிக்கையாளர் இருக்கப்போகும் கதிரையில், அவருடைய காது வரும் உயரத்தில் அளவுமானியை வைத்து அளக்கவேண்டும். சத்தம் சற்றுக் கூடிய கருவி எப்போதும் நல்லது போலக் கேட்கும். அதை வைத்து ஏமாற்றுகிற கடைகள் உண்டு. ஹாரிஸ் அப்படிச் செய்தவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அடுத்தது, கருவிகளைக் கறுப்புத் துணியால் மூடவேண்டும். எது எது என்று வாங்குபவருக்குத் தெரியக்கூடாது. அதற்குப் பிறகு நாங்கள் வாயைத் திறக்கக்கூடாது. மூலையில் ஒரு முக்காலியில் இருந்து அவருடைய கையையும் காலையும் மட்டும் பார்க்கவேண்டும்.

ஹாரிஸ் சட்டைப்பையில் சிறிய வெள்ளை அட்டைகள் வைத்திருப்பார். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு அட்டை. பாட்டு முடியமுதல் வாடிக்கையாளர் மாற்றச் சொன்னால் அந்த அட்டையில் ஒரு குறுக்குக் கோடு. நல்ல கருவியில் மனிதன் பாட்டை முடியவிட்டுத்தான் அசைவான், பாதியில் மாற்றுகிறான் என்றால் கருவி தோற்றது என்பது அவருடைய கணக்கு. கடைசியில் அட்டைகளைப் பார்ப்பார். கோடு குறைந்த கருவியை விற்பார். நான் பார்த்தவரைக்கும் அந்தக் கணக்குப் பிழையாகிப் போனது ஒரு தடவைதான்.

ஹாரிஸ் உயரமான, வற்றிய ஆங்கிலேயர். கதைப்பது குறைவு. என்னிடம் ஒருபோதும் குரல் உயர்த்தியதில்லை, நான் அவரிடம் பலமுறை உயர்த்தியிருக்கிறேன். நான் கத்தி முடியும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். முடிந்ததும், சரி, இனி என்ன செய்யலாம் என்று கேட்பார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டும்.

2009இல் ஸ்ட்ரீமர் புதிய சாமான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உங்களிடம் உள்ள இசைத்தட்டுகளை, அதாவது சிடிக்களை, எல்லாம் கணினியால் ஒரு சேமிப்புப் பெட்டியில் ஏற்றிவிடுவது. பிறகு தட்டே வேண்டாம். ஸ்ட்ரீமர் என்ற கருவி அந்தப் பெட்டியிலிருந்து பாட்டை எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அவ்வளவுதான். அந்த வருடம் வங்கிகள் விழுந்து கடை ஈயோட்டியது. ஸ்ட்ரீமர்தான் கடையைக் காப்பாற்றும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நடேசன் அண்ணையை எனக்கு முன்னமே தெரியும். அவருடைய அம்ப்ளிபயரை நான் இரண்டு முறை திருத்தியிருக்கிறேன். தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேல் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். கார் இல்லை. ஊர் சுற்றப் போனதில்லை. வீட்டில் இருந்த ஒலிபெருக்கிகள் மட்டும் ஒரு வங்கி மனேஜரின் வீட்டில் இருக்கவேண்டியவை. அப்படி ஒரு பைத்தியம்.

அவர் ஸ்ட்ரீமர் பார்க்க வந்தார். எதற்காக வந்தார் என்று எனக்கு அன்று தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. விரல்களும் மரத்துவிட்டன. இசைத்தட்டின் மட்டையை வாசிக்க ஏலாது, தட்டை எடுத்துச் சரியாகப் போட ஏலாது. தான் கேட்க விரும்பிய பாட்டை, ஒருவரிடமும் கேட்காமல், தன் கையால் போடவேண்டும். அந்த மனிதனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை வெளியில் சொல்ல அவருக்கு வெட்கம்.

நான் இரண்டு கருவிகளைத் துணியால் மூடி வைத்தேன். ஒழுங்குப்படி எல்லாம் செய்தேன். முதல் கருவியில் மூன்று பாட்டுக் கேட்டார். கை தொடையில் தாளம் போட்டது. மூன்றையும் முடியும்வரை கேட்டார். அட்டையில் ஒரு கோடும் இல்லை. இரண்டாவதில் இரண்டு கோடு. சந்தேகமே இல்லை. துணியை எடுத்து, இதுதான் அண்ணை என்றேன். கடையில் இருந்ததிலேயே திறமான கருவி அது. அதற்குத் தனியாக ரிமோட் இல்லை. கையடக்கமான தொடுதிரை ஒன்றில் எல்லாப் படங்களும் பெயர்களும் வரும், விரலால் தட்டவேண்டும். அந்தத் திரையை அவருடைய கையில் கொடுத்து, ஒரு மணித்தியாலம் அதன் பெருமையைச் சொன்னேன். எழுத்து எவ்வளவு வடிவாக வருகுது பாருங்கோ என்றுகூடச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கன்னத்தில் அறைந்துகொள்ளவேண்டும் போல இருக்கிறது.

அவர் திரையை மேசையில் வைத்தார்.

"எனக்கு வேண்டாம், தம்பி."

"ஏன் அண்ணை, சத்தம் பிடிக்கேல்லையோ?"

"சத்தம் திறம். அதில ஒண்டும் சொல்லேலாது."

"பிறகென்ன?"

"வேண்டாமெண்டால் வேண்டாம்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அந்தக் கிழமை முழுவதும் ஒரு கருவியும் விற்கவில்லை. "வாங்கிற எண்ணம் இல்லாமல் ஏன் அண்ணை வந்தனீங்கள்?" என்றேன். "இது ஈஸ்ட் ஹாம் நகைக்கடை எண்டு நினைச்சியளோ, போட்டுப் பார்த்துப்போட்டுக் கழட்டி வைச்சிட்டுப் போக?"

அவர் தொப்பியை எடுத்தார். கடையின் வெளிக்கதவுக்குப் போய்க் கைப்பிடி இல்லாத பக்கத்தைத் தடவினார். பிறகு மற்றப் பக்கத்தைத் தடவிப் பிடித்துத் திறந்துகொண்டு போனார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம் உள்ளவனுக்குக் கண் இருந்தும் பயன் இல்லை.

ஹாரிஸுக்கு நாங்கள் கதைத்த தமிழ் ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் அவர் கேட்கும் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணாடியைத் துடைத்தார். அந்த மனிதர் திரையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்றார். நீ ஒரு மணித்தியாலம் எழுத்தைப் பற்றிக் கதைத்தாய், அவர் ஒரு தரம்கூடத் திரையைப் பார்க்கவில்லை, உன் குரல் வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றார்.

பிறகு அவர் எனக்கு ஒரு வேலை தந்தார். சனிக்கிழமை அந்த மனிதருடைய வீட்டுக்குப் போ. ஒன்றையும் விற்காதே. அவர் ஒரு பாட்டுப் போடுவதைப் பார். கதிரையை விட்டு எழும்புவதிலிருந்து திரும்பி வந்து கதிரையில் இருக்கும் வரைக்கும் பார். உதவி செய்யாதே. பார்த்ததை வந்து சொல்.

போனேன். மனோர் பார்க்கில் வரிசை வீடு. நடேசன் அண்ணையின் மனைவி யோகம் அக்கா கதவைத் திறந்தார். உள்ளே தொலைக்காட்சியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நடேசன் அண்ணை முன்னறையில் ஒலிபெருக்கிகளுக்கு எதிரே இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் கதைச்சது பிழை."

"பிழைதான்," என்றார். பிறகு, "இரும். தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

அந்த அறையின் ஒரு சுவர் முழுவதும் மரத்தட்டு. அதைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அறைப்பெட்டி போலவே அவரே செய்திருக்கிறார். குறுக்கே பன்னிரண்டு, மேலிருந்து கீழே ஆறு. மொத்தம் எழுபத்திரண்டு பொந்து. எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களுக்கும் ஒவ்வொன்று. எனக்கு ராகம் தெரியாது, அவர்தான் விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு தாய் ராகத்துக்கும் ஒரு இலக்கம் உண்டு. தோடி எட்டு. சங்கராபரணம் இருபத்தொன்பது. கல்யாணி அறுபத்தைந்து. மோகனத்துக்குத் தனி இலக்கம் இல்லை, அது இருபத்தெட்டிலிருந்து பிறந்தது, ஆகவே இருபத்தெட்டாம் பொந்து. மட்டையை வாசிக்கத் தேவை இல்லை, கை கணக்குப் போடும். இடமிருந்து ஐந்தாவது நிரல், மேலிருந்து நாலாவது பொந்து, இருபத்தெட்டு.

பாதிப் பொந்துகளில் தட்டு இல்லை. யோகம் அக்கா அவற்றில் தன்னுடைய சாமான்களை வைத்திருந்தார். "நாப்பத்தொண்டில என்ர நூல்பெட்டி இருக்கு, தம்பி, அதை மட்டும் தொட்டிடாதையுங்கோ," என்றார். அவருக்கும் இலக்கம் பாடம்.

ஒரு பாட்டுப் போடுங்கோ அண்ணை என்றேன். மோகனம் கேட்போம் என்றார். எழும்பினார். மரத்தட்டின் இடது ஓரத்தைத் தொட்டார். ஐந்து எண்ணினார், நாலு இறங்கினார். இருபத்தெட்டில் முப்பது தட்டாவது இருக்கும். வலப்பக்கத்திலிருந்து எண்ணி ஒன்றை உருவினார். மட்டையைத் திறக்க மூன்று தரம் முயற்சி செய்தார். தட்டு நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. குனிந்து தடவி எடுத்தார். தலைகீழாக வைத்தார், கருவி தட்டு இல்லை என்று காட்டியது. அதையும் அவரால் வாசிக்க ஏலாது. சத்தம் வராததை வைத்துத் தெரிந்துகொண்டு, எடுத்துப் புரட்டி வைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். என் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். ஆறு நிமிடம் எடுத்தது.

பாட்டுத் தொடங்கியது. அவர் கீழே வைத்த மட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் வயலினோடு ஒருவருடைய படம். ஒலிபெருக்கியில் வந்ததோ ஒரு அம்மாவின் குரல். மட்டைக்குள் வேறு தட்டு மாறிப் போயிருக்கிறது. அவருக்கு முதல் சுரத்திலேயே தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் கதிரையில் வந்து இருந்தார். பாட்டு முடியும்வரை கேட்டார்.

"இதுவோ அண்ணை நீங்கள் கேக்க நினைச்சது?"

"இதுவும் நல்ல பாட்டுத்தானே."

"நீங்கள் நினைச்சது இதுவோ எண்டு கேட்டனான்."

யோகம் அக்கா கதவடியிலிருந்து சொன்னார்: "நான் போட்டுக் குடுப்பன்தானே, தம்பி. நான் போட்டால் இவருக்குப் பாட்டு இனிக்காது."

"நீர் போடுறது எப்பவும் ஒரே தட்டு," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "கண் நடுவில தெரியாது, தம்பி. ஓரத்தில கொஞ்சம். அதுவும் போகுமாம். அடுத்தவையைக் கேட்டுப் பாட்டுப் போடுற நிலைமை வந்தால் நான் பாட்டே கேக்கமாட்டன். சும்மா இருந்திடுவன். இதுதான் விசயம்."

திங்கட்கிழமை ஹாரிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடியும்வரை கேட்டார். பாட்டை முடியும்வரை கேட்டதால் பிடித்திருக்கிறது என்ற கணக்கு இந்த மனிதரிடம் செல்லாது என்றேன். பிழையான பாட்டையே அவர் முடியும்வரை கேட்கிறார். ஹாரிஸ் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சரி, இனி என்ன செய்யலாம் என்றார். அன்றைக்கு எனக்கு எரிச்சல் வரவில்லை.

கடையில் இருந்த இன்னொரு ஸ்ட்ரீமருக்கு இலக்கப் பொத்தான்கள் உள்ள ரிமோட் இருந்தது. இணைய வானொலிகளைப் பதிந்து வைப்பதற்காக ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை இலக்கம். வானொலிக்குப் பதிலாகப் பாட்டு வரிசை ஒன்றையும் அந்த இலக்கத்தில் பதியலாம் என்று கையேட்டில் ஒரு வரி. அந்த வரியை வாசித்ததும் பட்டறையில் தனியாக இருந்து கத்தினேன். எழுபத்திரண்டு, தொண்ணூற்றொன்பதுக்குள் அடங்கும். இருபத்தொன்பது என்று அழுத்தினால் சங்கராபரணம். பொத்தான்களில் ஐந்தின் மேல் ஒரு சிறிய புள்ளி மேடு இருக்கும், கண் தெரியாதவருக்கு வழி காட்ட. அவருடைய மரத்த விரலுக்கு அது போதாது என்று பசையால் ஒரு பெரிய புள்ளி வைத்தேன்.

பத்துத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் போட்டுக் காட்டினேன். அவருக்கு இலக்கம் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு நீளக் கச்சேரித் தட்டு வந்தது. பாட்டும் அதைத் தொடரும் மிருதங்கமும் தட்டில் இரண்டு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தன, இடையில் இடைவெளி இல்லாமல். அந்தக் கருவி ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்க அரைச் செக்கன் மௌனம் விட்டது. நடேசன் அண்ணையின் கை தாளத்தில் கீழே வந்தது. அடி வரவில்லை. கை தொடையில் விழாமல் அந்தரத்தில் நின்றது. அவர் முகம் சுழித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இது காலில தடக்குப்பட்ட மாதிரிக் கிடக்கு," என்றார். "ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில தடக்குப்படேலாது."

எங்கள் கடையில் இத்தனை வருடம் கேட்கும் அறை நடத்தியும் ஒருவரும் அந்த இடைவெளியைக் கவனிக்கவில்லை. நாங்கள் எப்போதும் ஒரு பாட்டைப் போட்டு, அது முடிய நிறுத்தினோம். இரண்டு பாட்டுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இலக்கப் பொத்தானும் இருக்கவேண்டும், இடைவெளியும் விடக்கூடாது. அப்படி ஒன்று இருந்தது. நாங்கள் விற்கும் கருவி அல்ல. இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு கடை விற்றது. மலிவான பிளாஸ்டிக் பெட்டி. ஹாரிஸ் அந்தக் கடையைப் பற்றி இங்கே எழுதக்கூடியதாக ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பெட்டியின் ஒலியும் மட்டம், நானே கேட்டுவிட்டு வந்தேன். ஹாரிஸிடம் சொன்னேன், கத்துவதற்கும் தயாராக நின்றேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அரை மணித்தியாலத்தில் அந்தக் கடையின் பையோடு திரும்பி வந்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். அந்த வருடம் எங்கள் கடை இருந்த நிலையில், மற்றவனுடைய கடைக்குப் போய் எங்கள் வாடிக்கையாளருக்குச் சாமான் வாங்கினார் அந்த மனிதர். மட்டமான ஒலிக்கும் அவரே வழி சொன்னார். பாட்டைத் தேடி எடுக்கும் வேலையை மட்டும் பிளாஸ்டிக் பெட்டி செய்யட்டும். எடுத்ததை ஒலியாக மாற்றும் வேலையை அண்ணையிடம் ஏற்கெனவே உள்ள நல்ல கருவி செய்யட்டும். பின்னால் ஒரு வயர், அவ்வளவுதான். பட்டறைக்காரன் நான் நினைத்திருக்கவேண்டியது. நினைக்கவில்லை.

பிறகு தட்டுகளை ஏற்றும் வேலை. நானூறுக்கு மேல். இரண்டு மாதம், சனியும் ஞாயிறும். கணினி தானாக இணையத்தில் தேடிப் பெயர் போடும் என்பார்கள். எங்களுடைய தட்டுகளுக்கு அது போட்ட பெயர்களைப் பார்த்துக் கணினியை ஜன்னலால் எறியப் பார்த்தேன். வீணைத் தட்டு ஒன்றுக்குப் போலந்துக் குழந்தைப் பாட்டு என்று போட்டது. பெயர் வேண்டாம் என்று அண்ணை சொன்னார். பாட்டைப் போடும், நான் இலக்கம் சொல்லுறன்.

நான் பாட்டைத் தொடங்குவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இலக்கத்தைச் சொல்வார். இருபத்திரண்டு. எட்டு. இருபத்தொன்பது. பதினைந்து. நான் கணினியில் இழுத்து அந்த இலக்கத்துக்குள் போடுவேன். பல பாட்டுக்கு ஒரு மூச்சு நேரம்கூட எடுக்கவில்லை. கடிதம் பிரிக்கிற வேகம். நான்தான் பின்தங்கினேன். "தம்பி, உமக்குத் தபால் நிலையத்தில வேலை தந்திருக்கமாட்டினம்," என்றார். ஒரு பாட்டில் ராகம் மாறி மாறி வந்தது. இது எங்கே என்றேன். ராகமாலிகை, அதுக்கு வீடில்லை, எழுபத்துமூண்டில போடும் என்றார். கடைசியில் எனக்கே மோகனமும் கல்யாணியும் தோடியும் பிடிபட்டன. ஐம்பது வயதுக்கு மேல் நான் ராகம் படித்தது அந்த வீட்டில்தான். ஒரு பணமும் கொடுக்காமல், யோகம் அக்காவின் வடையையும் தின்றுகொண்டு.

எல்லாம் முடிந்து கருவியைப் பொருத்திக் கொடுக்கும் நாள். ஹாரிஸும் வந்தார். அவர் ஒருவருடைய வீட்டுக்கும் போவதில்லை, அன்று வந்தார். வெயில், ஜன்னல் திறந்திருந்தது. ஐந்தின் மேல் பசைப் புள்ளி வைத்த புதிய ரிமோட்டை அண்ணையின் கையில் கொடுத்தேன். பழக்க தோஷத்தில் முதல் பாட்டை நானே போட்டுக் காட்டக் கையை நீட்டினேன். ஹாரிஸ் என் முழங்கையைப் பிடித்தார். அண்ணையின் பெருவிரல் ரிமோட்டில் ஊர்ந்தது. புள்ளியைக் கண்டுபிடித்தது. அங்கிருந்து மேலே போனது. அழுத்தினார். ஒன்று, ஐந்து. பாட்டு வந்தது.

அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி சொல்லவில்லை.

"சரி, தம்பி. இனி நீங்கள் போகலாம்," என்றார். "யோகம், நீரும் போய் நாடகத்தைப் பாரும். கதவைச் சாத்தும்."

நான் ஆங்கிலத்தில் சொல்லமுதல் ஹாரிஸ் பையைத் தூக்கிவிட்டார்.

நாங்கள் வெளியே நடைபாதைக்கு வந்தோம். ஜன்னலால் பாட்டுக் கேட்டது. அரை நிமிடம் ஆகியிருக்காது, பாட்டு நின்றது. கருவி பழுதாகிவிட்டது என்று திரும்ப ஓடப் பார்த்தேன். வேறு பாட்டுத் தொடங்கியது. அதுவும் பாதியில் நின்றது. வேறொன்று. தோடி, பிறகு கல்யாணி, பிறகு எனக்குத் தெரியாத ஒன்று. ஹாரிஸ் மதிலடியில் நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார். மேலே அந்த மலிவான பெட்டியின் பெயரை எழுதினார். ஒரு கோடு போட்டார். பாட்டு மாற இன்னொரு கோடு. பாட்டு மாற இன்னொன்று. அவர் வாய் விட்டுச் சிரித்ததை நான் இருபத்தாறு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் கண்டேன்.

யோகம் அக்கா வாசலுக்கு வந்தார். நான் விட்டுவிட்டு வந்த திருப்புளி கையில் இருந்தது. "இனி இந்த வீட்டில ஒரு பாட்டும் முடிஞ்ச மாதிரித்தான்," என்றார். திருப்புளியைத் தந்துவிட்டு, அவரும் படியில் நின்று கேட்டார். தொடரைப் பார்க்கப் போகவில்லை.

பதினொரு கோடு. அதற்குப் பிறகு மோகனம் தொடங்கியது. நான் கண்டுபிடித்தேன், இருபத்தெட்டு என்று. வயலின். ஹாரிஸ் பேனாவை அட்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பன்னிரண்டாவது கோடு விழவில்லை. பேனாவை மூடினார். எனக்குப் பசி, பஸ் வேறு இரண்டு போய்விட்டது. கேட்கும் அறையின் ஒழுங்கு அவருக்கு நடைபாதையிலும் ஒழுங்குதான். அந்தப் பாட்டு முடியும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.